தெரிந்தவர் என்றாலும்: குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையை அறிவது, தெரிவிப்பது, தடுப்பது

செட்டிநாட்டு ஊர்களில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் எச்சரிக்கை பெரும்பாலும் வெளியாளைப் பற்றியது. முன்பின் தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே, பூட்டிக் கிடக்கிற வீட்டுப் பக்கம் தனியாகப் போகாதே என்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பாருங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் 100க்கு 90க்கும் மேலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்தான். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர், பாடம் சொல்லித் தருபவர், வேன் ஓட்டுபவர் என்று யாராகவும் இருக்கலாம்.

நாம் எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதால் வளவுக்குள், அதாவது வீட்டின் உள்முற்றத்துக்குள், நடப்பது கண்ணில் படுவதில்லை. பட்டாலும் ‘அவரா? இருக்காது’ என்று மனம் முதலில் ஆளைக் காப்பாற்றப் பார்க்கிறது. பிள்ளை பின்னுக்குப் போய்விடுகிறது. சந்தேகம் வந்தவுடன் ஆதாரம் தேடி அலையவேண்டிய பொறுப்பு நமக்கு இல்லை. சட்டம் நம்மிடம் கேட்பது தகவலை மட்டும்தான். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மீதியெல்லாம் எளிது.

எதெல்லாம் குற்றம்

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தைத்தான் போக்சோ என்கிறோம். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயது நிறையாத எவரும் இதன்படி குழந்தைதான், ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் திருநராக இருந்தாலும். ‘ஆம்பளைப் பிள்ளைக்கு என்ன ஆகிவிடும்’ என்ற பேச்சு நம் ஊரில் பல பையன்களின் வாயை அடைத்திருக்கிறது. அதைச் சட்டம் ஏற்பதில்லை. குற்றம் செய்பவர் பெண்ணாகவோ, இன்னொரு சிறுவனாகவோகூட இருக்கலாம். செய்தவர் சிறுவர் என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும்.

உடலுறவு நடந்தால்தான் குற்றம் என்று இன்னமும் பலர் நினைக்கிறார்கள். பாலியல் நோக்கத்தோடு தொடுவதற்கே 3 முதல் 5 ஆண்டு சிறை உண்டு. துணிக்கு மேலே தொட்டால் குற்றமாகாது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் நிராகரித்துவிட்டது. தொடாமலே செய்யும் குற்றங்களும் இருக்கின்றன. ஆபாசப் படம் காட்டுவது, தன் உறுப்பைக் காட்டுவது, பிள்ளையிடம் அசிங்கமாகப் பேசுவது, குளிப்பதைப் படம் எடுப்பது, போனில் ‘ஒரு போட்டோ அனுப்பு’ என்று நச்சரிப்பது எல்லாம் இதில் அடங்கும். உறவினர், ஆசிரியர், விடுதிக் காப்பாளர், மருத்துவமனை ஊழியர், போலீஸ்காரர் என்று பிள்ளை மேல் அதிகாரமோ நம்பிக்கையோ உள்ளவர் செய்தால் தண்டனை கூடும். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றாலும் அப்படியே. பிள்ளை ‘சம்மதித்தது’ என்ற வாதத்துக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

நெருங்குபவர் எப்படி நெருங்குகிறார்

உடம்பில் காயம் தேடுவதைவிட இதைத் தெரிந்துகொள்வது அதிகம் பயன்படும். பெரும்பாலான சம்பவங்களில் முதல் நாளே வன்முறை இருக்காது. வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், பிள்ளையையும் வீட்டையும் பழக்கி எடுக்கிறார்கள்.

முதலில் கவனிப்புக் குறைவாக இருக்கும் பிள்ளையைப் பார்த்துப் பிடிப்பார்கள். அப்பச்சி (அப்பா) சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்க, அப்பத்தாவும் ஐயாவும் (தாத்தா) வளர்க்கிற பிள்ளைகள் இந்தப் பக்கத்தில் நிறைய உண்டு. பெரியவர்கள் பாசத்தில் குறை வைப்பதில்லை. ஆனால் முட்டிவலியோடு மச்சுக்கு (மாடிக்கு) ஏறி இறங்க முடியாது, பிள்ளையின் போனில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரியாது. பேச்சு வராத பிள்ளை, அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளை, வீட்டில் எப்போதும் திட்டு வாங்கும் பிள்ளை ஆகியோருக்கும் இதே ஆபத்து உண்டு.

அடுத்து வீட்டாரின் நம்பிக்கை. கரண்ட் பில் கட்டித் தருவார், ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டி வருவார், ‘நான் டியூஷனில் விட்டுட்டு வர்றேன்’ என்பார். உதவி செய்கிற எல்லோரையும் சந்தேகிக்கச் சொல்லவில்லை. அந்த உதவிகள் எல்லாமே பிள்ளையைத் தனியாகக் கூட்டிப் போவதில் வந்து முடிகின்றனவா என்பதை மட்டும் கவனியுங்கள். பிறகு அந்தப் பிள்ளைக்கு மட்டும் பரிசு, போன், ரீசார்ஜ் வரும். ‘நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்’ என்று சின்னச் சின்ன ரகசியங்கள் தொடங்கும். கிச்சுக்கிச்சு மூட்டுவது, மடியில் உட்கார வைப்பது, தெரியாமல் பட்டதுபோல் தொடுவது என்று சோதித்துப் பார்ப்பார்கள். பிள்ளை யாரிடமும் சொல்லவில்லை என்று உறுதியானதும் அடுத்த படி. கடைசியில் மிரட்டல்: ‘சொன்னா உங்க ஆத்தா உயிரை விட்டுரும்’, ‘உன்னைத்தான் அடிப்பாங்க’, ‘நீயும்தானே வாங்கித் தின்னே.’

பிள்ளை ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை, ஏன் அவரிடமே மறுபடி போனது என்பதற்கெல்லாம் விடை இங்கேதான் இருக்கிறது. வாயைத் திறப்பதற்கு முன்பே அந்தப் பிள்ளையைக் குற்றவாளியாக உணர வைத்துவிடுகிறார்கள்.

பிள்ளையிடம் தெரியும் மாற்றங்கள்

எந்த ஒரு அறிகுறியும் தனியாக எதையும் நிரூபிக்காது. திடீரென்று வந்ததா, ஒன்றுக்கு மேல் சேர்ந்து வந்ததா, ஒரு குறிப்பிட்ட ஆளோடோ இடத்தோடோ தொடர்புள்ளதா என்று பாருங்கள்.

படுக்கையில் சிறுநீர் கழிப்பதை நிறுத்தியிருந்த சிறு பிள்ளைகள் அதை மீண்டும் தொடங்கலாம். விரல் சூப்பலாம், தூக்கத்தில் அலறலாம், குளிக்க உடை கழற்றப் பயப்படலாம். ஒரு வீட்டுக்குப் போகும் நாளில் மட்டும் வயிறு வலிக்கிறது என்று அழலாம். வயதுக்குத் தெரிந்திருக்கக் கூடாத பாலியல் செய்கையைப் பொம்மையிடமோ வேறு பிள்ளையிடமோ செய்து பார்ப்பது கவனிக்கவேண்டிய அறிகுறி. ஆனால் 4 வயதுப் பிள்ளைகள் ஒருவர் உறுப்பை ஒருவர் ஆர்வத்தில் பார்ப்பது வளர்ச்சியில் வருவதுதான். அதில் பயமும் வற்புறுத்தலும் இருக்காது, பேச்சை மாற்றினால் விட்டுவிடுவார்கள்.

வளர்ந்த பிள்ளைகள் படிப்பில் சரியலாம், தனிமையைத் தேடலாம், கையைக் கீறிக்கொள்ளலாம், காரணமில்லாமல் கோபப்படலாம், வீட்டார் வாங்கித் தராத பொருள் கையில் இருக்கலாம். பையன்களிடம் இது பெரும்பாலும் முரட்டுத்தனமாக வெளிப்படுவதால் ‘சேட்டை’ என்று அடி வாங்குகிறார்கள்.

உடம்பில் பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதியில் வலி, ரத்தம், சீழ், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், உட்காரவோ நடக்கவோ சிரமம், பால்வினை நோய், கர்ப்பம் ஆகியவை தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். இவை எதுவும் இல்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. பெரும்பாலான பிள்ளைகளின் உடம்பில் எந்தக் காயமும் இருப்பதில்லை.

பிள்ளை சொல்லத் தொடங்கினால்

முதல் பத்து நிமிடத்தில் நீங்கள் நடந்துகொள்ளும் விதத்தை வைத்துத்தான் பிள்ளை மேலே சொல்வதா, வாயை மூடிக்கொள்வதா என்று முடிவு செய்யும். பிள்ளைகள் முழுக் கதையையும் ஒரே தடவையில் சொல்வதில்லை. ‘அந்த மாமா எனக்குப் பிடிக்கலை’ என்று ஓரத்தைக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். அலறினால், அழுதால், ‘கொன்னு போட்டுர்றேன் அவனை’ என்று கிளம்பினால் பயந்து நிறுத்திவிடும், அல்லது ‘சும்மா சொன்னேன்’ என்று மாற்றிவிடும்.

சொல்லவேண்டிய வார்த்தைகள் சிலவே. ‘நீ சொன்னதை நான் நம்புறேன்.’ ‘உன் மேல எந்தத் தப்பும் இல்லை.’ ‘சொன்னது நல்லது.’ ‘உன்னைப் பாதுகாக்க என்ன செய்யணுமோ செய்வேன்.’ யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாது. ‘உதவி செய்யக்கூடிய ஒன்றிரண்டு பேரிடம் மட்டும் சொல்வேன்’ என்பதே உண்மை.

கேள்விகளைத் திறந்ததாகக் கேளுங்கள்: ‘அப்புறம் என்னாச்சு?’, ‘அதைப் பத்திச் சொல்லு.’ ‘அவன் இங்கே தொட்டானா, அங்கே தொட்டானா’ என்று நாமே விடையை எடுத்துக் கொடுத்தால், பிறகு நீதிமன்றத்தில் ‘பெரியவர்கள் சொல்லிக் கொடுத்த கதை’ என்று எதிர்த்தரப்பு வாதிட வழி கிடைக்கும். அத்தை, சித்தி, பெரியப்பா என்று ஆளாளுக்கு உட்கார வைத்து விசாரிப்பது அதைவிட மோசம். ஒருவர் மட்டும் கேட்டால் போதும். யார், எங்கே, கடைசியாக எப்போது, இப்போது பிள்ளைக்கு ஆபத்து உண்டா என்று தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். பிள்ளை சொன்ன சொற்களை அதே பேச்சில், மாற்றாமல், தேதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். ‘ஏன் அப்பவே சொல்லலை’ என்ற கேள்வி வாய் வரைக்கும் வரும். விழுங்கிவிடுங்கள்.

குற்றம் சாட்டப்படுபவரைக் கூப்பிட்டு விசாரிப்பதும் வேண்டாம். போனை அழிக்கவும், பிள்ளையை மிரட்டவும், ஊரைவிட்டுப் போகவும் அது அவருக்கு நேரம் கொடுக்கும்.

தெரிவிப்பது

போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு எல்லோருக்கும் பொருந்தும். குற்றம் நடந்தது என்று தெரிந்தவர், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தாய்தான் போக வேண்டும் என்பதில்லை. ஆசிரியை, அங்கன்வாடிப் பணியாளர், பக்கத்து வீட்டு ஆச்சி, மருத்துவர், பிள்ளை தானே என்று யாரும் சொல்லலாம். தெரிந்தும் மறைத்தால் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். பள்ளி, விடுதி போன்ற நிறுவனத்தின் பொறுப்பாளர் தன் ஊழியர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை. ‘முதலில் நிர்வாகத்துக்குள் விசாரிப்போம்’ என்று பள்ளி நாள் கடத்துவதற்குச் சட்டத்தில் இடமில்லை. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது. பழிவாங்கும் நோக்கத்தோடு தெரிந்தே பொய் சொன்னால்தான் தண்டனை. சந்தேகம் தவறாகப் போனதற்குத் தண்டனை இல்லை.

எங்கே சொல்வது? 1098 குழந்தைகள் உதவி எண், இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் எடுப்பார்கள். பிள்ளை இப்போதே ஆபத்தில் இருந்தால் 112. நேரில் என்றால் காரைக்குடி, தேவகோட்டை போன்ற ஊர்களில் உள்ள அனைத்து மகளிர் காவல் நிலையம், அல்லது அருகில் உள்ள எந்தக் காவல் நிலையமும். செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடப்பதால் ‘அது எங்கள் எல்லை இல்லை’ என்ற பதில் வரக்கூடும். எல்லை எதுவானாலும் புகாரைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் கடமை. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் தபாலில் அனுப்பலாம், அதன் பிறகும் நடக்கவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போகவேண்டியதில்லை. வீட்டிலோ, பிள்ளை விரும்பும் வேறு இடத்திலோ வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளருக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல், பிள்ளை நம்பும் ஒருவர் உடனிருக்க எழுத வேண்டும். இரவில் பிள்ளையை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் காவல்துறை தெரிவித்தாக வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டில் இருந்தால், பிள்ளையை வேறு இடத்தில் வைக்க வேண்டுமா என்பதை நலக் குழு 3 நாளில் முடிவு செய்யும்.

இனி நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு. ‘குடும்ப மானம் போயிரும், பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிச்சிருவோம்.’ மன்னிப்பு, பணம், ‘இனி இந்தப் பக்கம் வரமாட்டான்’ என்ற உறுதி, சில வேளை கல்யாணம் செய்துவைப்பது. இது சமரசம் பேசக்கூடிய குற்றம் அல்ல. பெற்றோருடன் சமரசமானதைக் காட்டி ஓர் ஆசிரியர் மீதான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் நீக்கி, வழக்கை மீண்டும் நடத்த உத்தரவிட்டது. பேசி முடிக்கப்பட்ட ஆள் இன்னொரு வீட்டுப் பிள்ளையிடம் போவார். பேசி முடிக்கப்பட்ட பிள்ளைக்கோ, தன்னைவிடப் பெயர் பெரிது என்று புரிந்துவிடும். மானத்துக்குச் சட்டமே காவல் வைத்திருக்கிறது: பிள்ளையின் பெயர், படம், முகவரி, பள்ளி, குடும்ப விவரம் எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது. அது உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போகக் கூடாது.

மருத்துவமனை

அண்மையில் நடந்திருந்தால் நேரம் முக்கியம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் சாப்பிட வேண்டும். வயதுக்கு வந்த பெண் பிள்ளைக்குக் அவசரக் கருத்தடை மாத்திரையும் சீக்கிரம் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். குளிப்பாட்டாமல், துணி துவைக்காமல் அழைத்துப் போங்கள். உடை மாற்றியிருந்தால் பழைய துணியைக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுவிடும். குளித்துவிட்டாள், துவைத்தாயிற்று என்றாலும் தயங்காமல் போங்கள், சிகிச்சைக்கு அது தடையில்லை.

முதலில் புகார் கொடுத்துவிட்டு வா என்று எந்த மருத்துவமனையும், தனியார் உட்பட, திருப்பி அனுப்பக் கூடாது. முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தர வேண்டும். காவல்துறைக்கு அவர்களே தெரிவிப்பார்கள். பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ உடனிருக்கலாம். பரிசோதனைக்குச் சம்மதம் வேண்டும்: 12 வயதுக்கு மேல் பிள்ளையிடமே, அதற்குக் கீழ் பாதுகாவலரிடம். பரிசோதனை வேண்டாம் என்றாலும் சிகிச்சையை மறுக்க முடியாது. பிறப்புறுப்பில் விரலை விட்டுப் பார்க்கும் ‘இரு விரல் சோதனை’ தடை செய்யப்பட்டது. யாராவது செய்ய முனைந்தால் மறுத்துவிடுங்கள்.

வழக்கு நடக்கும்போது

சிறப்பு நீதிமன்றம் பிள்ளையைத் திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது. வழக்கறிஞர் பிள்ளையிடம் நேரடியாகக் கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேள்வி போகும். குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளையின் கண்ணில் படக் கூடாது. விசாரணை மூடிய அறையில் நடக்கும். பிள்ளையின் சாட்சியத்தை 30 நாளிலும், வழக்கை இயன்றவரை ஓராண்டிலும் முடிக்கவேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுக்கும். அதனால் நலக் குழுவிடம் ‘ஆதரவு நபர்’ வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வதும், மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் உடன் வருவதும் அவர் வேலை. வழக்கு முடியும் முன்பே இடைக்கால நிவாரணத் தொகை கேட்கலாம். இலவச வழக்கறிஞருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அதன் உதவி எண் 15100.

தடுப்பது: பிள்ளைக்குச் சொல்வதும் வீட்டை மாற்றுவதும்

‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ பள்ளிகளில் சொல்லித் தருகிறார்கள். தேவைதான், போதாது. பழக்கி எடுப்பவரின் தொடுதல் தொடக்கத்தில் பிள்ளைக்குக் கெட்டதாகத் தெரியாது. அதனால் உணர்வை வைத்துச் சொல்லாமல் விதியாகச் சொல்லுங்கள். 3 வயதிலிருந்தே: ‘ஜட்டி மறைக்கிற இடத்தை யாரும் பார்க்கவோ தொடவோ கூடாது, அவங்களோடதை உன்னைத் தொடச் சொல்லவும் கூடாது. கழுவி விடுறப்போ ஆத்தா, அப்பத்தா தொடலாம். டாக்டர் பார்க்கணும்னா நாங்க பக்கத்துல இருப்போம்.’ கூடவே: ‘யாராவது ரகசியமா வெச்சுக்கச் சொன்னா அதைத்தான் முதல்ல எங்ககிட்ட சொல்லணும்.’ அந்த உறுப்புகளுக்குப் பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த ஒரு பெயர் இருக்கட்டும். பெயரே இல்லாததைப் பற்றிப் பிள்ளை எப்படிப் புகார் சொல்லும்? பெரியவரைக் கட்டிப்பிடிக்க, முத்தம் கொடுக்க பிள்ளை மறுத்தால் ‘மரியாதை தெரியாத பிள்ளை’ என்று தள்ளிவிடாதீர்கள். கைகூப்பி வணங்கினால் மரியாதைக்கு அது போதும்.

ஆனால் தடுக்கும் பொறுப்பைப் பிள்ளை தோளில் ஏற்ற முடியாது. வாய்ப்பைக் குறைப்பது பெரியவர்கள் வேலை. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் பங்காளிகள், சமையல்காரர்கள், பந்தல்காரர்கள், அலங்காரக்காரர்கள் என்று வீடு நிறைந்துவிடும். பட்டாலை என்னும் கூடத்திலும் வளவிலும் வரிசையாகப் படுப்பார்கள். பிள்ளைகள் எங்கே, யார் பக்கத்தில் படுக்கிறார்கள் என்பதைப் பாய் விரிக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். அந்த நாட்களில் மச்சையும் பின்கட்டையும் பூட்டி வையுங்கள், அல்லது இரண்டு பெரியவர்கள் முறைபோட்டுப் போய்ப் பார்த்து வரட்டும். ஆளில்லாத வீடுகளின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும். டியூஷன் அறைக் கதவு திறந்தே இருக்கவேண்டும். வேனில் கடைசியாக இறங்கும் பிள்ளை தனியாக எவ்வளவு தூரம் போகிறது என்று ஒருமுறை கூடவே போய்ப் பாருங்கள். பழனி நடைப்பயணத்தில் குளிக்கும் இடத்துக்கும் மறைவிடத்துக்கும் பிள்ளையோடு வீட்டாளே போகட்டும். இந்த விதிகள் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் யாரும் அவமானப்பட வேண்டியதில்லை. ஒருவருக்கு மட்டும் விலக்கு கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும்.

ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். உங்கள் ஊரில் கூடுகிறதா என்று கிராம சபையில் கேளுங்கள்.

கடைசியாகக் கைபேசி. விளையாட்டுச் செயலியில் பழகி, படம் வாங்கி, அதைக் காட்டிப் பணமோ மேலும் படமோ கேட்டு மிரட்டுவது இப்போது பையன்களிடமும் நடக்கிறது. இப்படி நேர்ந்தால் பணம் அனுப்ப வேண்டாம், உரையாடலை அழிக்க வேண்டாம். கணக்கின் பெயர், எண், தேதி தெரியும்படி மிரட்டலைத் திரைப்பிடிப்பு எடுத்துவிட்டு, பிறகு தொடர்பைத் துண்டியுங்கள். 1930 எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ தெரிவியுங்கள், தளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். பிள்ளையின் படத்தை ‘ஆதாரத்துக்காக’ உறவினருக்கோ ஆசிரியருக்கோ அனுப்பக் கூடாது, அனுப்புவதே குற்றம். அதை வைத்திருப்பதும் பார்ப்பதும் குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. போனை அப்படியே காவல்துறையிடம் கொடுங்கள். படம் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச இணையச் சேவை இருக்கிறது. படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகாமலே அதற்கு ஓர் எண் அடையாளம் உருவாக்கி, இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற, அதில் சேர்ந்துள்ள நிறுவனங்களுக்கு அனுப்பும். அவர்கள் தங்கள் தளத்தில் அந்தப் படம் இருந்தால் கண்டுபிடித்து நீக்குவார்கள்.